இன்னாசி என்று கூப்பிட்டால்

அந்தப் பேரை மட்டும் இன்னொரு தடவை படிக்காதீர்கள் அத்தை என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நாள் மகன் ஸ்பிரிங் தொட்டிலில் தூங்கினான். அத்தை புனிதர் பட்டியலில் விரலை ஓட்டினார்.

“சூசை?”

“ஸ்கூல்ல ஜூஸ்னு கூப்பிடுவாங்கம்மா,” என்றார் என் கணவர்.

“சவேரியார்? ஞானப்பிரகாசம்?”

எதுவும் நடக்கவில்லை.

“இன்னாசி?”

“ம்,” என்றது ஒரு குரல்.

காலையில் அத்தை இதே பேரைப் படித்தபோது அந்த ‘ம்’ வாசல் கதவுக்கு வெளியே கேட்டது. மத்தியானம் சமையலறையில் கேட்டது. இப்போது தொட்டிலில் கேட்டது. மகனின் உதடு அசையவில்லை.

“குரலைப் பாருடா, மீசை முளைச்சவன் மாதிரி!” அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “பேரு அவனுக்கே பிடிச்சுப்போச்சு. இதையே வச்சிடலாம். எங்க, நீ ஒரு தடவை கூப்பிடு பாப்போம். பெத்தவ கூப்பிட்டா ஓடி வந்துடுவான்.”

நான் மகனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். தொட்டிலின் ஸ்பிரிங் மேலே ஏறவில்லை. பாரத்தோடு தாழ்ந்தே தொங்கியது.

“கூப்பிடும்மா.”

“எனக்கு வாய் வரல அத்தை,” என்றேன்.