சார்ஜ் இறங்காத முதற்பிரதி

"இதுக்குள்ள எத்தின புத்தகம் கொள்ளும் எண்டு சொன்னீங்க?"

"ஆயிரக்கணக்குல கொள்ளும் சேர். நம்மட நூலகத்தையே தூக்கி உள்ளுக்கு வெச்சாலும் பாரம் ஏறாது," என்றான் ஸஜாத்.

கல்முனை பிரதான வீதியில் இருந்தது ஸஜாத்தின் போன் கடை. அதன் கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்ற கவிச்சுடர் ஜவுபர், அந்த மெல்லிய மின்னூல் கருவியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். ஒரு கொப்பியின் பாரம்கூட இல்லை. விரல் பட்டதும் பக்கம் தானாகத் திரும்பியது. "சுப்ஹானல்லாஹ்," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

ஜவுபர் பள்ளிக்கூட ஆசிரியர். கவிச்சுடர் என்பது பட்டம். அந்தப் பட்டத்தை வழங்கிய இலக்கிய மன்றத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரும் ஜவுபரேதான்.

"வெயிலுக்க வெச்சாலும் எழுத்துத் தெரியும். கடக்கரையில இருந்து வாசிக்கலாம். ஒருக்காச் சார்ஜ் போட்டாக் கிழமைக் கணக்குல நிக்கும்."

"விலை?"

ஸஜாத் விலையைச் சொன்னான். கை சுட்டதுபோல ஜவுபர் கருவியை மேசையில் வைத்தார்.

கடதாசி விலை ஏறிய பிறகு அச்சகக்காரர் கேட்ட தொகையில் தலை சுற்றித்தான், தன் கவிதைத் தொகுதியை மின்னூலாக வெளியிடுவதென்று அவர் முடிவெடுத்திருந்தார். மண்டபம் பேசியாயிற்று. 'மாபெரும் மின்னூல் வெளியீட்டு விழா' என்று அழைப்பிதழும் வீடு வீடாகப் போயாயிற்று. பிறகுதான் விளங்கியது, முதற்பிரதி இல்லாமல் வெளியீட்டு விழா இல்லையென்று. மேடையில் புரவலரின் கையில் ஏதாவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அந்தப் படம்தான் பேப்பரில் வரும். வெறுங்கையைக் கொடுத்தால் அடுத்த நோன்பு வரைக்கும் ஊர் சிரிக்கும்.

"இதுக்குக் கீழ ஒண்டும் இல்லையா தம்பி?"

"இரிக்கி. பாவிச்ச சாமான். ஆனா தமிழ் எழுத்து வராது, கட்டம் கட்டமா வரும்."

"கட்டத்த வெச்சு நான் என்ன செய்யிற?"

"நவீன கவிதையெண்டு சொல்லிரலாமே சேர்."

ஜவுபர் சிரிக்கவில்லை. அவருடைய கண் கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டுக்குப் போயிருந்தது. "அந்தா, அது?"

ஸஜாத் திரும்பிப் பார்த்தான். "அதா? அது உங்களுக்குச் சரிவராது சேர்."

"ஏன்?"

ஏனென்று ஸஜாத் சொன்னான். எதுகை தேடும்போது வைக்கிற முகத்தோடு ஜவுபர் கொஞ்ச நேரம் நின்றார்.

"என்ன விலைக்குத் தருவீங்க?"

"நீங்க நினைக்கிறதத் தாங்க சேர். ஆனா வொறன்டி இல்ல. திருப்பி எடுக்கவும் மாட்டன்."

"திருப்பித் தரவும் மாட்டன்," என்றார் ஜவுபர்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்தது. ஊரில் எந்தப் புத்தகம் வெளிவந்தாலும் முதற்பிரதி அரிசி மில் ஸிராஜ் ஹாஜியாருக்குத்தான். சூடான தேத்தண்ணிக் கோப்பையை வாங்குவதுபோல அவர் அந்தக் கருவியை இரண்டு கையாலும் வாங்கினார். முன்வரிசை எழுந்து நின்று எட்டிப் பார்த்தது. ஆய்வுரை நிகழ்த்த வந்த ஓய்வுபெற்ற அதிபர், தொகுதியை இன்னும் கண்ணாலும் காணாதவர், அதன் ஆழத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

"கவிஞர், இத எப்பிடித் துறக்கிற?" மேடையிலேயே கேட்டார் ஹாஜியார்.

ஜவுபர் அவசரமாக ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். "வீட்டில ஆறுதலாப் பாருங்க ஹாஜியார். கூட்டத்துக்க துறந்தா அதிட மதிப்புப் போயிரும்."

அதற்குப் பிறகு அவர் மில் இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனார். அடுத்த கிழமை ஹாஜியாரிடமிருந்து அழைப்பு வந்தது. "உடனே வாங்க. ஒரு கதை இரிக்கி."

என்ன சொல்லிச் சமாளிப்பது என்று வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே ஜவுபர் போனார். மில் அறையில் நெல் வியாபாரிகள் கூடியிருந்தார்கள். மேசை நடுவில், பட்டுத் துணியின்மேல், அந்தக் கருவி.

"வாங்க கவிஞர், இரிங்க. சும்மா சொல்லப்படா, தொடங்கினா வைக்க ஏலா. முழுக்க வாசிச்சிட்டன். விரல் பட்டாப் போதும், பக்கம் தன்ட பாட்டுல திரும்புது. கடைசிக் கவிதையில எனக்குக் கண் கலங்கிட்டு."

வழிநெடுக ஒத்திகை பார்த்த சமாளிப்பை விழுங்கிக்கொண்டு ஜவுபர் கதிரையில் அமர்ந்தார்.

"அதிலயும் பெரிய புதுமை என்னண்டா, மேடையில வாங்கினதில இருந்து ஒருக்காலும் சார்ஜ் போடல்ல. எழுத்து மங்கியிரிக்கா பாருங்க."

வியாபாரிகள் கழுத்தை நீட்டினார்கள். "மாஷா அல்லாஹ்," என்று ஒருவர் கையை நீட்டினார்.

"தொடப்படா. பாத்தாப் போதும்," என்றார் ஹாஜியார்.

ஜவுபர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சலனமும் இல்லை. பார்க்கப் பார்க்க அவருக்குப் பிரமிப்பு ஏறியது. கற்பனையில் தன்னை வெல்ல இந்தக் கரையில் ஆளில்லை என்று அதுவரை நம்பியிருந்தவர் அவர்.

"என்ட மருமகனுக்கும் இதே மாதிரி ஒண்டு எடுத்துத் தாங்க. சல்லியப் பத்தி யோசிக்க வாணாம்."

"அது ஒண்டுதான் இருந்திச்சு ஹாஜியார்."

அந்தக் கருவியைப் பற்றி ஜவுபர் ஹாஜியாரிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான். ஸஜாத்தின் அலுமாரியில், காட்சிக்கு வைக்கவென்று கம்பனி கொடுத்த, உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக் டம்மி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் முகத்தில் மங்காமல் நின்ற அந்த ஒற்றைப் பக்கத்தை, ஜவுபர்தான் கத்தரிக்கோலால் வெட்டிப் பசை பூசி ஒட்டியிருந்தார்.