ஏழாவது சாக்கு

"இன்னிக்கு என்ன சாக்கு சொல்லப் போறாங்களோ," என்று முணுமுணுத்தபடி வக்கீல் குமாஸ்தா தன் டைரியைப் பிரித்தார்.

இருவரும் சம்மதித்துக் கேட்கும் விவாகரத்து மனு. புருஷன் கையெழுத்துப் போட்டு ஐந்து மாதமும் பன்னிரண்டு நாளும் ஆகிறது. மனைவி ஆறு தடவை வந்தாள், ஆறு தடவையும் போடாமலே போனாள். குமாஸ்தா தேதியோடு குறித்து வைத்திருந்தார். முதலில் பல்வலி. அப்புறம் கண்ணாடியை மறந்துவிட்டாளாம். இரண்டு தடவை, வீட்டில் நிதானமாகப் படிக்க வேண்டுமாம். ஐந்தாவது, தலைசுற்றல். கடைசியில் பேனா சரியில்லையாம். குமாஸ்தா மூன்று பேனா மாற்றிக் கொடுத்தார். மூன்றும் பிடிக்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? இது முடிஞ்சப்புறம் பாப்பாவை நான் பாக்க முடியுமா? வாரத்துல ஒரு நாள் போதும்."

உண்மையைச் சொல்ல குமாஸ்தாவுக்குக் கூச்சம். தப்பாகச் சொல்லியும் பழக்கமில்லை.

"அது அவங்க முதல் கல்யாணத்துப் பொண்ணு. நீங்க வளர்த்தீங்க, சரி. சட்டப்படி நீங்க அவளுக்கு யாரும் இல்லை. தத்தெடுத்திருந்தா வேற விஷயம்."

"மனு போட்டோமே சார். ரெண்டு வருஷம் முன்னாடி. அவளைப் பெத்தவர் சம்மதம் வேணும்னாங்க. ஆள் எங்கே இருக்கார்னே தெரியல. அப்புறம் எங்களுக்குள்ளயே முட்டிக்கிச்சு. அதோட போச்சு."

"அப்ப அவங்க மனசு வெச்சாத்தான் பாக்கலாம். அதை வெச்சுத்தான் உங்களை இழுத்தடிக்கிறாங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

"சேச்சே, அவ அப்படிப்பட்டவ இல்ல சார்," என்றான் மெக்கானிக். கொஞ்சம் யோசித்து, "இருக்குமோ?" என்றான்.

கதவு திறந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தாள்.

"லேட்டாயிடுச்சு."

"ஏன், லிஃப்ட் ஓடலியா?" என்றான் அவன்.

"நல்லா ஓடுது. நீங்க ரிப்பேர் பண்ணாத லிஃப்ட் போலிருக்கு."

குமாஸ்தா இடையில் புகுந்து மனுவை நீட்டினார். "இன்னிக்கு நாலு பேனா வெச்சிருக்கேன்மா."

அவள் இரண்டாம் பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தாள்.

"இதுல ஒரு தப்பு இருக்கு சார்."

குமாஸ்தாவின் காது மடல் சூடாயிற்று. முப்பத்தோரு வருஷமாக மனு அடிக்கிறார். ஒரு காற்புள்ளி இடம் மாறியதில்லை. ஏழாவது சாக்கு தன் தலையிலேயே விடிந்துவிட்டதே.

"எங்கே?"

"ஆறாவது வரி. நீங்களே படிங்க."

"இத்தம்பதியருக்குக் குழந்தைகள் இல்லை." படித்துவிட்டு நிமிர்ந்தார். "சரியாத்தானேம்மா இருக்கு? பொண்ணு உங்க பொண்ணு. இவருக்கு எப்படி..."

"அடிச்சிட்டு, ஒண்ணுன்னு போடுங்க."

கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். நீதிமன்ற முத்திரை. நேற்றைய தேதி. குமாஸ்தா வரி விடாமல் இரண்டு தடவை படித்தார். தத்து உத்தரவு. தந்தை என்ற இடத்தில் மெக்கானிக்கின் பெயர்.

மெக்கானிக் காகிதத்தைத் தொடவில்லை. கிரீஸ் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பெத்தவரைத்தான் கண்டுபிடிக்க முடியலியே..."

"நீங்க விட்டுட்டீங்க, நான் விடல. பல்வலின்னு சொன்னப்போ அவரோட பழைய விலாசம்தான் கையில இருந்துச்சு. தலைசுத்தல் அன்னிக்கு ஆள் கிடைச்சாச்சு. பேனா பிடிக்கலைன்னேனே, அப்போ அவரோட சம்மதக் கடிதம் கோர்ட்டுக்குப் போயிருந்தது. உத்தரவுதான் பாக்கி."

"அதுக்கு ஏம்மா இதை நிறுத்தி வெச்சீங்க?" என்றார் குமாஸ்தா.

"இதுல கையெழுத்துப் போட்டு விவாகரத்து ஆயிட்டா இவர் என் புருஷன் இல்லையே சார். அப்புறம் எந்த உரிமையில என் பொண்ணைத் தத்தெடுப்பார்?"

"பிரியப் போறது நீதிபதிக்குத் தெரியுமா?"

"நானே சொல்லிட்டேன். இவர் தத்து மனுவை வாபஸ் வாங்கலையே, பாப்பாவையே கேப்போம்னு தனியாக் கூப்பிட்டுக் கேட்டாங்க. என்ன சொன்னான்னு அவளையே கேட்டுக்கங்க. கீழே லிஃப்ட்டுல ஏறி இறங்கிட்டிருக்கா."

மெக்கானிக் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. மூன்று மாடியும் படியிலேயே தடதடவென்று இறங்கினான். கீழேயிருந்து "அப்பா" என்று ஒரு குரல் கேட்டது. அப்புறம் இரண்டு பேர் சிரிப்பு.

குமாஸ்தா பழைய பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடித்தார். குழந்தைகள்: ஒன்று. தகப்பனோடு வாரத்தில் மூன்று நாள். அவள் சொல்லச் சொல்ல அடித்தார்.

"என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. உங்களைப் பத்தி நான் என்னென்னவோ நினைச்சிட்டேன்."

"நீங்க இவர்கிட்ட சொல்லிடுவீங்க. கடைசியில கிடைக்காமப் போயிருந்தா, மனுஷன் ரெண்டாவது தடவையும் உடைஞ்சு போயிருப்பார்."

கையில் கிடைத்த முதல் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

குமாஸ்தாவுக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் எந்தக் கட்சிக்காரரிடமும் கேட்காததைக் கேட்டுவிட்டார்.

"இவ்வளவு அக்கறை வெச்சிருக்கீங்க. அப்புறம் ஏம்மா அவரை விடறீங்க?"

"புருஷனாத்தான் சார் விடறேன். என் பொண்ணோட அப்பாவையும் சேர்த்து விட எனக்கென்ன பைத்தியமா?"