பின்சீட்டுப் பாரம்

செங்கம் ரோட்டில் கார் ஆடியோ கடை வைத்திருக்கிறேன். டாக்சி ஓட்டும் குமரேசன் அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக வந்து நின்றார். டிக்கியில் நான் மாட்டிக்கொடுத்த சப் வூஃபர் பெட்டியில் பாஸ், அந்த ‘தும் தும்’ அடி, வரவில்லையாம்.

பெட்டியை சீட்டைப் பார்க்கத் திருப்பினேன். டிக்கிக் கதவைப் பார்க்கத் திருப்பினேன். மூலைக்குத் தள்ளினேன். இடுப்பு வலிதான் மிச்சம். ஆள் ஜாஸ்தி உட்கார்ந்தால் சத்தம் அமுங்கும், ஆனால் வண்டி காலி. பெட்டியை இறக்கி வைத்தும் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தே இருந்தது.

“ஸ்பிரிங் போயிடுச்சாண்ணே?”

“இல்ல அப்சல் பாய். போன வாரம் கிரிவலம் சுத்துனவங்க மூணு பேரு, அடி அண்ணாமலைகிட்ட கால் வலிக்குதுன்னு கை காட்டினாங்க. பாவம்னு ஏத்திக்கிட்டேன். கோயில்கிட்ட வந்து திரும்பிப் பாத்தா சீட்ல யாரும் இல்ல. ஆனா இன்னும் இறங்கல.”

கொட்டாவி விட்டபடிதான் சொன்னார். நான் பெட்டியைத் திரும்ப மாட்டினேன். அவர் பின்கதவைத் திறந்து, “பாட்டு போட்டுப் பாக்கணும், கொஞ்சம் இறங்குங்க” என்றார்.

வண்டி மெல்ல எழும்பியது. பாஸ் நெஞ்சில் வந்து இடித்தது.

குமரேசன் சட்டென்று கதவைச் சாத்தினார். “சூப்பரா இருக்கு பாய்” என்று கிளம்பிப் போய்விட்டார்.

அதிலிருந்து கடையில் எந்த சப் வூஃபரிலும் பாஸ் இல்லை. கஸ்டமர் சோபா மூன்று இடத்தில் அமுங்கியே கிடக்கிறது. மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.