கடைசிப் பருந்துக்குப் பிறகு

மலை முகட்டுப் பாறையில் நின்று வலசை போகும் பருந்துகளை எண்ணிக்கொண்டிருந்தாள் ஜெசிந்தா. கூட்டம் சுழன்று மேலேறி, வரிசையாகத் தெற்கே நழுவத் தொடங்கிவிட்டால் பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது. அவள் எண்ணைச் சொல்லச் சொல்ல, பின்னால் உட்கார்ந்திருந்த கணவன் லூர்து கோடு கிழித்துக்கொண்டே வந்தான். திடீரென்று பென்சில் உரசும் சத்தம் நின்றது. அவளுடைய செருப்புக் காலின் மேல் குளிர்ந்து கனமாய் ஒன்று நெளிந்து ஏறியது.

"கீழ பாக்காத, அசையாத. எண்ணிக்கிட்டே இரு," என்றான் லூர்து. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத குரல்.

எண்ணினாள். நாற்பத்தொன்பதாவது பருந்து மேகத்துக்குள் போனது. வானம் காலியானது. காலில் கனம் அப்படியே இருந்தது.

"முடிஞ்சிருச்சுங்க."

"இல்ல, நிறுத்தாத. எண்ணு."

வெறும் வானத்தைப் பார்த்து, "அம்பது," என்றாள்.