சொன்னாரா, கத்தினாரா?

நேற்றைய கூட்டக் குறிப்பை டைப்பிஸ்ட் ஆங்கிலத்தில் அடிக்க, பின்னால் நின்று படித்தார் மேனேஜர்.

“பேக்கிங் அக்கா ‘செட்’னு போட்டிருக்கியே? வெறுமனே சொன்னாங்கன்னா சப்புனு இருக்கும்மா.”

‘எக்ஸ்பிரஸ்ட்’ என்று மாற்றினாள்.

“ம்ஹூம்.”

‘டிமாண்டட்.’

“இன்னும் காரமா.”

“அவங்க நிதானமாத்தானே சார் பேசினாங்க?”

“அப்புறம் எப்படிம்மா மெமோ கொடுக்கறது? ‘ஷவுட்டட்’னு போடு.”

போட்டாள்.

“அவங்க என்ன கேட்டாங்கங்கறதை…”

“அது எதுக்கு? தூக்கிடு.”

தூக்கினாள். அக்காவுக்கான மெமோவையும் அவளே அடித்து, கவரில் போட்டு எடுத்துப் போனாள்.

பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த அக்கா, கவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

“சொன்னேன்ல? எல்லார் முன்னாடியும் கேட்டாத்தான் அசைவாங்க. உன் பிரசவ லீவு ஆர்டர்தானே, கண்ணு?”