ஏதோ ஆபீஸ்

மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் உங்களுக்குக் கேட்கின்றனவா?

அவள் ‘ஆம்’ என்ற கட்டத்தில் டிக் செய்தாள்.

எதிரில் இல்லாதவர்களுடன் பேசுவதுண்டா? ஆம். தூக்கத்தில் கத்துவதுண்டா? ஆம்.

பொய் சொல்ல அவளுக்கு வராது. விளக்கம் எழுத அந்தத் தாளில் இடமும் இல்லை.

பக்கத்து நாற்காலியிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தான்.

“நான் சொன்னேன்ல, மேடம். தலையணையைத் தரையில போட்டு, ரெண்டு கையாலயும் அமுக்கி அமுக்கி முப்பது வரைக்கும் எண்ணுறா. அது இப்போ அப்பளமா கிடக்கு.”

உளவியல் நிபுணர் சிரிக்கவில்லை. தாளின் மேற்பகுதியைப் பார்த்தார். ‘தொழில்’ என்ற இடத்தில் அண்ணனின் கையெழுத்தில் ‘ஏதோ ஆபீஸ்’ என்று இருந்தது.

நான்கு மாதமாக வீட்டில் அவள் சொல்லியிருந்ததும் அவ்வளவுதான். கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டிலில் ஏறி நிற்பவள் என்று பெயர் வாங்கியவள். அங்கே என்ன வேலை என்று தெரிந்தால் மறுநாளே நிறுத்திவிடுவார்கள். தெரியாவிட்டால், இந்தத் தாளைக் காட்டி நிறுத்திவிடுவார்கள்.

“மத்தவங்க மாதிரி இல்லைங்கறதாலயே ஒண்ணு நோய் ஆயிடாது” என்றார் நிபுணர். “அதனால உங்களுக்குக் கஷ்டமா, வேலை கெடுதா, யாருக்காவது ஆபத்தான்னு பார்க்கணும். எந்த இடத்துல நடக்குதுன்னும் பார்க்கணும். அண்ணன் கொஞ்சம் வெளியில இருக்கட்டுமா?”

அண்ணன் எழுந்தான்.

“வேண்டாம், இருக்கட்டும்” என்றாள். அந்த அறைக்குள் வந்தபின் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

அண்ணன் மறுபடி உட்கார்ந்தான்.

“அந்தக் குரல் என்ன சொல்லும்?”

“காப்பாத்துங்கன்னு சொல்லும்.”

அண்ணன் நெற்றியில் கை வைத்துக்கொண்டான்.

“நீங்க என்ன பண்ணுவீங்க?”

“அட்ரஸ் கேப்பேன்.”

நிபுணரின் பேனா நின்றது.

“அப்புறம் ஆம்புலன்ஸ் அனுப்புவேன். அது போய்ச் சேர்ற வரைக்கும் லைனை விட மாட்டேன். மூச்சு நின்னவங்களுக்கு நெஞ்சை எப்படி அமுக்கணும்னு போன்லயே சொல்லித் தரணும். அதைத்தான் தலையணையில பழகுறேன். காதுல ஹெட்போன் இருக்கும். எனக்கு மட்டும்தான் கேக்கும், மேடம்.”

நிபுணர் ‘ஏதோ ஆபீஸ்’ என்பதை நிதானமாக அடித்தார். ‘ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை’ என்று எழுதினார்.

“நல்லா தூங்குறதுக்கு ரெண்டு பயிற்சி சொல்லித் தரேன். வேலையை விட வேண்டாம்.”

அண்ணன் அவள் பக்கம் திரும்பினான்.

“நேத்து மத்தியானம் மூணு தடவை போன் பண்ணேன். ஏன் எடுக்கல?”

“லைன்ல ஒருத்தர் இருந்தார், அண்ணா. பொண்டாட்டிக்கு வலி வந்துடுச்சு. வண்டி வழியில மாட்டிக்கிச்சு. அவர் ஒரே அழுகை. நான் சொல்லச் சொல்ல அழுதுகிட்டே எல்லாம் பண்ணினார்.”

“அப்புறம்?”

“பதினோராவது நிமிஷம் இன்னொரு குரல் கேட்டுச்சு” என்றாள். “அதுக்கு இன்னும் பேரு வைக்கல.”