எலுமிச்சையா, ரோஜாவா?

"இன்னிக்கு எலுமிச்சைதானே?" செருப்பைக் கழற்றும்போதே கேட்டார் எலெக்ட்ரீஷியன்.

அவர் மனைவிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நாள் முழுக்கத் தையல் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் குளித்து ஒரு துளி சென்ட் தடவிக்கொள்வாள். எதைத் தடவினாலும் வாசலிலேயே சொல்லிவிடுவார். பாட்டிலைப் பார்த்துச் சொல்கிறாரோ என்று இன்று எல்லாவற்றையும் ஒளித்துக்கூட வைத்திருந்தாள்.

அவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் தீய்ந்த நாற்றம். ஓடிப்போய்ப் பார்த்தால், பால் கருகிக்கொண்டிருந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் போனில் மூழ்கியிருந்தார்.

"வீடே நாறுது, உங்களுக்குத் தெரியலையா?"

தலையைச் சொறிந்தார். "போன வருஷம் வந்த காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு வாசனையே தெரியறதில்லை. நீ ஆசையா வந்து நிக்கும்போது சொல்ல மனசு வரலை."

"அப்புறம் எப்படிக் கரெக்டா சொல்றீங்க?"

"ரோஜான்னா பாட்டு முணுமுணுப்ப. எலுமிச்சைன்னா நூல்கண்டையெல்லாம் கலர் கலரா அடுக்கி வெச்சிருப்ப. ஒண்ணும் போடலைன்னா என்கிட்ட ஏதாவது குத்தம் கண்டுபிடிப்ப."

அவள் உள்ளே போய் ஒரு துளி தடவிக்கொண்டு திரும்பி வந்தாள். "இப்ப சொல்லுங்க."

அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். பாட்டும் இல்லை, குற்றமும் இல்லை; பிடிபடவில்லை.

"இது... புதுசா வாங்கினதா?"

அதே பழைய ரோஜாதான்.